ஒரு மிடறு தண்ணீர்

உடல் ஓர் அமானிதம் – மாதத் தொடர்

 

ரமளான் மாதத்து மாலைப் பொழுது ஒன்றை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். ஸஹர் முடித்துப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. விரித்த பாயின் நடுவே நோன்புக் கஞ்சி ஆவி பறக்கிறது. பேரீச்சம்பழத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மஃக்ரிப் பாங்கு இன்னும் ஒலிக்கவில்லை. ஆயினும் பழத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே, வறண்டு கிடந்த வாயில் எங்கிருந்தோ ஈரம் ஊறத் தொடங்குகிறது. பாங்கு ஒலித்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயிலிட்டு, ஒரு மிடறு தண்ணீர் அருந்துகிறோம். அல்ஹம்து லில்லாஹ் என்று நாவு தானாகவே மொழிகிறது.

வறண்ட வாயில் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? நாம் அருந்திய அந்த ஒரு மிடறு தண்ணீர், பக்கத்திலேயே திறந்திருக்கும் மூச்சுக் குழலுக்குள் விழாமல் இரைப்பையைச் சென்றடைந்தது எவ்வாறு? நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை நம் உடலில் நடைபெறும் இச்செயலை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. வீட்டில் உள்ள முதியவர் ஒருவருக்கு இது பழுதுபடும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. அவ்வேளையில் இதைப் பற்றிய அறிவு இல்லையேல், நாம் பாசத்தோடு ஊட்டும் கஞ்சியே அவருக்குத் தீங்காக முடிந்துவிடக்கூடும். ஆகவே இம்மாதம் உமிழ்நீரைப் பற்றியும் விழுங்குதலைப் பற்றியும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வாயில் உள்ள ஊற்றுகள்

நம் வாயைச் சுற்றி மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் அமைந்துள்ளன. காதுகளுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் இருப்பவை முதல் இணை. சிறுவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வரும்போது வீங்கிப் புடைப்பவை இவையே. கீழ்த்தாடை எலும்பின் அடியில் இருப்பவை இரண்டாவது இணை. நாக்கின் அடியில் இருப்பவை மூன்றாவது இணை. இவையன்றி உதடு, கன்னம், அண்ணம், நாக்கு ஆகியவற்றின் உட்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத சிறு சுரப்பிகள் 600 முதல் 1000 வரை பரவிக் கிடக்கின்றன.

இச்சுரப்பிகளிலிருந்து நீர் வந்து சேரும் குழாய்களை மனிதன் கண்டறிந்ததே பதினேழாம் நூற்றாண்டில்தான். தாடையடிச் சுரப்பியின் குழாயை இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வார்ட்டன் 1656இல் விவரித்தார். 1660இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் இளம் மாணவர், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்தபோது கன்னச் சுரப்பியின் குழாயைக் கண்டார். இக்குழாயின் வாய், மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே கன்னத்தில் திறக்கிறது. நாக்கின் நுனியால் அவ்விடத்தைத் தடவிப் பார்த்தால் சிறு மேடாக உணரலாம்.

ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் நீர்தான். எஞ்சிய அந்த ஒரு பங்கிலேதான் எத்தனை எத்தனைப் பொருள்கள்! வழவழப்பான மியூசின் என்னும் பொருள், மென்ற உணவைத் திரட்டி வழுக்கும் கவளமாக்குகிறது. அமைலேஸ் என்னும் நொதி மாவுப் பொருளைச் சிதைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்குகிறது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் பற்களின் மேற்பூச்சில் ஏற்படும் நுண்ணிய அரிப்புகளை இட்டு நிரப்புகின்றன. பைகார்பனேட் என்னும் உப்பு, பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கிறது. லைசோசைம் என்னும் பொருள் கிருமிகளின் மேலுறையைக் கரைத்து அழிக்கிறது. இதைக் குறித்து 1922இல் உலகுக்கு அறிவித்தவர், பின்னாளில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஆவார்.

சுவையை அறிவதற்கும் உமிழ்நீரே துணை. உலர்ந்த நாக்கின் மீது உலர்ந்த சர்க்கரையை வைத்தால் இனிப்புத் தெரியாது. நீரில் கரைந்த பொருளைத்தான் நாக்கின் சுவை மொட்டுகளால் அறிய முடியும். நாம் சரளமாகப் பேசுவதும், ஓதுவதும் கூட நாவில் ஈரம் இருப்பதால்தான். அல்லாஹ் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளை எடுத்துக் கூறும் ஸூரத்துல் பலதில், கண்களுக்கு அடுத்து நாவும் இரு உதடுகளும் குறிப்பிடப்பட்டிருப்பது சிந்திக்கத் தக்கது.

பார்த்தவுடன் ஊறுவது ஏன்?

பழத்தைப் பார்த்ததும் வாயில் நீர் ஊறுவதை ஆராய்ந்து புகழ் பெற்றவர் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி இவான் பாவ்லவ். ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவர், உணவு வாயில் படுவதற்கு முன்பே, உணவு வரப் போகிறது என்னும் குறிப்பைக் கொண்டே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். நமக்கும் அப்படியே. கஞ்சியின் மணமும், பேரீச்சம்பழத்தின் தோற்றமும், பாங்கு ஒலிக்கும் நேரம் நெருங்குகிறது என்னும் நினைவும் மூளையைத் தூண்ட, அங்கிருந்து நரம்புகள் வழியே சுரப்பிகளுக்குக் கட்டளை செல்கிறது.

அச்சம் வந்தாலோ நிலைமை மாறிவிடுகிறது. மேடையில் முதன் முதலாகப் பேச எழும் மாணவனுக்கு நா வறண்டு, சொல் எழாமல் போவதைக் கண்டிருப்போம். மன அமைதியுள்ள வேளையில் தாராளமாகச் சுரக்கும் நீர், பதற்றத்தில் குறைந்து கெட்டியாகிவிடுகிறது. உணவு வேளையில் வீட்டில் சண்டையும் சச்சரவும் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது.

உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. காலையில் வாய் நாறுவதற்கு இதுவே காரணம். இரவு பல் துலக்காமல் உறங்குவோருக்குப் பற்சிதைவு மிகுவதும் இதனால்தான்.

நோன்பாளியின் ஐயம்

ஆண்டுதோறும் ரமளானில் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. உமிழ்நீரை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடுமோ என்பதே அது. சிலர் இந்த அச்சத்தால் நாள் முழுவதும் துப்பிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறோம். வாய்க்குள்ளேயே இருக்கும் தன் தூய உமிழ்நீரை விழுங்குவதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களின் தெளிவான தீர்ப்பு. மருத்துவமும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. விழுங்கப்படும் உமிழ்நீர் வீணாவதில்லை. அதன் நீர் குடலில் உறிஞ்சப்பட்டு மீண்டும் உடலுக்கே திரும்புகிறது. தண்ணீர் அருந்தாத பகல் பொழுதில் அதைத் துப்பித் தீர்ப்பது, உள்ள நீரையும் வெளியே கொட்டுவதற்கு ஒப்பாகும்.

ஸஹருக்குப் பின்னும் தராவீஹுக்குப் பின் உறங்கச் செல்லுமுன்னும் மிஸ்வாக் கொண்டோ தூரிகை கொண்டோ பற்களைத் துலக்கிக்கொள்வது, வாய் வறண்டிருக்கும் நேரத்தில் பற்களைக் காக்கும்.

நோன்பு இல்லாத நாள்களிலும் வாய் எந்நேரமும் வறண்டே இருந்தால் அதை அலட்சியம் செய்யலாகாது. நீரிழிவு கட்டுக்கடங்காமல் போவதும், ஒவ்வாமை, மனச்சோர்வு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்காக உட்கொள்ளும் சில மருந்துகளும், கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சையும் காரணமாகலாம். கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால், சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933இல் விவரித்த நோயாகவும் இருக்கலாம். நடுத்தர வயதைக் கடந்த பெண்களை அந்நோய் அதிகம் பீடிக்கிறது. மருத்துவரிடம் காட்டாமல் தாமாக மருந்தை நிறுத்துவது கூடாது.

ஒரு நொடியில் நடக்கும் காவல்

இனி விழுங்குதலுக்கு வருவோம். தொண்டை என்பது ஒரு சந்திப்பு. மூக்கிலிருந்து வரும் காற்றும், வாயிலிருந்து வரும் உணவும் அவ்விடத்தில் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் இருப்பது குரல்வளையும் மூச்சுக் குழலும். பின்பக்கம் இருப்பது உணவுக் குழல். ஆக, வாயிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கவளமும் மூச்சுப் பாதையின் வாசலைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

நாம் விரும்பிச் செய்வது முதற்கட்டம் மட்டுமே. மென்று திரட்டிய கவளத்தை நாக்கு மேலண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கித் தள்ளுகிறது. அக்கவளம் தொண்டையின் வாயிலைத் தொட்டதும் செயல் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் பொறுப்பேற்கிறது. மென்மையான பின்னண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி மூடிக்கொள்கின்றன. குரல்வளை முழுவதும் மேலும் முன்னுமாக எழுகிறது. கண்ணாடி முன் நின்று விழுங்கிப் பார்த்தால் கழுத்தில் அது ஏறி இறங்குவதைக் காணலாம். குரல்வளை மூடி என்னும் இலை போன்ற உறுப்பு பின்னோக்கிச் சாய்ந்து வாசலுக்குக் கூரையாகிறது. அதே கணத்தில் உணவுக் குழலின் வாய் தளர்ந்து திறக்கிறது. கவளம் கடந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவை அனைத்தும் நிகழ்வதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரே ஒரு நொடி!

பிறகு கவளம், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக் குழலில் இறங்குகிறது. அது வெறுமனே விழுவதில்லை. குழலின் தசைகள் அலையலையாகச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு செல்கின்றன. பத்து நொடிகளுக்குள் அது இரைப்பையின் வாசலை எட்டிவிடுகிறது. விண்வெளியில் எடையின்றி மிதக்கும் மனிதனால் விழுங்க முடியுமா என்னும் ஐயம் ஒரு காலத்தில் இருந்தது. 1962 பிப்ரவரியில் பூமியை வலம் வந்த ஜான் கிளென், குழாயில் அடைத்த ஆப்பிள் கூழை அங்கே விழுங்கிக் காட்டினார். தசைகளின் இந்தத் தள்ளும் ஆற்றலே அதற்குக் காரணம்.

இவ்வாறு நாம் ஒரு நாளில் சுமார் 600 முறை விழுங்குகிறோம். இவற்றில் பெரும்பாலானவை உணவை விழுங்குவதல்ல, உமிழ்நீரை விழுங்குவதே. உறக்கத்தில்கூட அவ்வப்போது விழுங்குகிறோம். தாயின் கருவறையில் இருக்கும் சிசுவும், தன்னைச் சூழ்ந்த நீரை விழுங்கி இதற்குப் பழகிக்கொண்டுதான் இவ்வுலகுக்கு வருகிறது. படைத்தவனின் ஏற்பாட்டை என்னென்பது!

இப்னு ஸுஹ்ர் காட்டிய வழி

விழுங்க இயலாத நோயாளியை எவ்வாறு காப்பது என்று ஸ்பெயினில் வாழ்ந்த நம் முன்னோர் ஒருவர் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார். ஸெவீல் நகரில் வாழ்ந்து 1162இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர் தாம் அவர். ஐரோப்பியர் இவரை அவென்ஸோர் என்று அழைத்தனர். தம்முடைய 'அத்தைஸீர்' என்னும் மருத்துவ நூலில், உணவுக் குழல் செயலிழந்தவருக்கு வெள்ளி அல்லது வெள்ளீயத்தால் ஆன குழாயைத் தொண்டை வழியே செலுத்திப் பால் போன்ற நீர் உணவைப் புகட்டும் முறையை இவர் விவரித்துள்ளார். மூச்சுக் குழலில் துளையிடும் சிகிச்சையை ஓர் ஆட்டின் மீது செய்து பார்த்து, அப்புண் ஆறுவதையும் உறுதி செய்துகொண்டார்.

இன்று மருத்துவமனைகளில் மூக்கு வழியாக இரைப்பைக்குச் செலுத்தப்படும் மெல்லிய குழாயின் நோக்கமும் இதுவே. ஆனால் நம் இல்லங்களில் அக்குழாயைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். 'வாயால் கொடுத்தால்தானே பசியாறும், இது என்ன கொடுமை' என்கிறோம். அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். பிறருக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

பல ஆண்டுகளுக்கு முன் என் உம்மம்மாவுக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் மூக்கில் குழாய் பொருத்தி, வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று கூறியிருந்தார்கள். வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள், குழாயைப் பிடித்து இழுத்து வேதனைப்படுகிறார்களே என்று மனம் பொறுக்காமல் நாங்கள் அதை எடுத்துவிட்டோம். பெரியும்மா நோன்புக் கஞ்சியைப் போலக் குழைய வைத்த கஞ்சியைக் கொண்டுவந்து, மல்லாந்து படுத்திருந்தவர்களின் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். மாமியும் பக்கத்தில் அமர்ந்து, 'மாமி, இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்' என்று கெஞ்சினார்கள்.

உம்மம்மா அதிகம் இருமவில்லை. ஆகவே நல்லபடியாக உள்ளே இறங்குகிறது என்றே எண்ணினோம். கடைவாயில் எச்சில் வழிந்ததையும், கஞ்சி குடித்த பிறகு குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்ததையும் கண்டோம். ஆனால் அவை எதைக் குறிக்கின்றன என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது. நெஞ்சில் கஞ்சி இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார் மருத்துவர். ஒன்பதாம் நாள் உம்மம்மா மௌத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அதை நாம் மாற்ற இயலாது. ஆயினும் காரண காரியங்களை அறிந்து நடக்க வேண்டியது நம் கடமையன்றோ? பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் சில நாள்களில் விழுங்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. மூளையிலிருந்து வரும் கட்டளை தடைப்படுவதால், குரல்வளையின் வாசல் உரிய கணத்தில் மூடுவதில்லை. தொண்டையின் உணர்ச்சி மங்கியிருப்பதால், மூச்சுக் குழலில் உணவு இறங்கினாலும் இருமல் வருவதில்லை. இருமவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று கருதிவிடக் கூடாது. இதுவே எங்களுக்குத் தெரியாமல் போனது. பலருக்குச் சில வாரங்களில் இந்த ஆற்றல் திரும்பிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தபோது, துயரம் இன்னும் கூடியது. அதுவரையில் பொறுத்திருக்கத்தான் அந்தக் குழாய்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பக்கவாதம், நடுக்குவாதம், முற்றிய மறதி நோய் ஆகியவற்றால் அவதியுறுவோரைப் பராமரிக்கும் சகோதரிகள் கீழ்க்கண்டவற்றை மனத்தில் இருத்துவார்களாக.

பக்கவாதம் கண்டவருக்கு, விழுங்கும் ஆற்றலை மருத்துவமனையில் சோதித்து அனுமதி தரும் வரையில், தண்ணீர் உட்பட எதையும் வாய் வழியே கொடுக்கலாகாது. இதில் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

அனுமதி கிடைத்த பின், அவர் நன்றாக விழித்திருக்கும்போது மட்டுமே ஊட்ட வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை அணை கொடுத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுவது மூச்சுப் பாதையைத் திறந்துவிடுவதாகும். உண்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

சிறு கரண்டியால் ஒரு வாய் ஊட்டி, அதை விழுங்கிவிட்டாரா என்று கழுத்தைப் பார்த்து அறிந்த பின்னரே அடுத்த வாய். கன்னத்தில் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். இளநீர், தேநீர், வெறும் தண்ணீர் போன்றவை விரைந்து ஓடுவதால் இத்தகையவர்களுக்குக் கட்டுப்படுத்துவது கடினம். எந்த அளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டறிய வேண்டும்.

உண்ணும்போது இருமல், உண்டபின் ஈரமான கரகரத்த குரல், எச்சில் வழிதல், காரணமின்றி அடிக்கடி காய்ச்சல், ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம் ஆதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள்.

வாய் வழியே உணவே கொடுக்காவிட்டாலும், நாள்தோறும் வாயைத் தூய்மை செய்ய வேண்டும். உமிழ்நீர் வற்றிய வாயில் கிருமிகள் பெருகுகின்றன. அக்கிருமிகளே பின்னர் நெஞ்சில் இறங்கி நோய் செய்கின்றன.

புரையேறினால்

நலமாக இருப்பவர்களுக்கும் இக்காவல் ஒரு கணம் தவறுவதுண்டு. பேசும்போதும் சிரிக்கும்போதும் குரல்வளையின் வாசல் திறந்திருப்பதால், வாயில் உணவோடு பேசுவோருக்குப் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். அதனால் பயன் ஏதுமில்லை. இருமத்தான் வேண்டும், இருமலே அல்லாஹ் அமைத்த மருந்து. இருமிக்கொண்டிருப்பவருக்கு அவசரமாகத் தண்ணீர் புகட்டவும் கூடாது.

இருமவோ பேசவோ இயலாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. அவரை முன்னே குனிய வைத்து, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். பலன் இல்லையேல், பின்னால் நின்று கைகளைக் கோத்து, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையில் உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வயிற்றை அழுத்தாமல் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். உடனே 108க்குத் தகவல் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டால் அது இன்னும் கீழே போய்விடும்.

நான்கு, ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நிலக்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஓடியாடும்போது தின்னக் கொடுப்பதும் ஆபத்து. மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வதும் முள்ளை மேலும் ஆழமாகக் குத்தச் செய்யக்கூடும். மருத்துவரிடம் செல்வதே முறை.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் சாய்ந்துகொண்டு உண்பதைத் தவிர்த்து வந்ததையும், தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் இடையிடையே பாத்திரத்தை வாயிலிருந்து விலக்கி மூச்சு விட்டு அருந்தியதையும் ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. பிள்ளைகளுக்கு இவ்வொழுக்கங்களைச் சிறு வயதிலேயே பழக்கினால், அவர்களுக்கு ஸுன்னத்தும் கிடைக்கும், தொண்டைக்குப் பாதுகாப்பும் கிடைக்கும்.

இறுதி மிடறு

கடைசியாக, எழுதக் கை தயங்கும் ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். ஸகராத் வேளையில் இருப்பவரைச் சுற்றி உறவினர் கூடியிருக்கிறோம். யாஸீன் ஓதப்படுகிறது. கலிமா சொல்லிக் கொடுக்கப்படுகிறது. ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்து பத்திரப்படுத்திய ஸம்ஸம் நீரை எடுத்து, ஆளுக்கொரு கரண்டியாக வாயில் ஊற்றுகிறோம். 'கடைசியாக என் கையால் ஒரு மிடறு' என்னும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஆசையைக் குறை கூற எவருக்கும் மனம் வராது.

ஆனால் நினைவிழந்தவரால் விழுங்க இயலாது. கரண்டி கரண்டியாக ஊற்றும் நீர் மூச்சுக் குழலில் இறங்கி, அமைதியாகப் பிரிய வேண்டிய உயிரைத் திணறச் செய்யும். மரணத் தறுவாயில் இருப்பவரின் வாயை நனைத்துக்கொண்டிருப்பதும், உதடுகளைப் பஞ்சால் ஈரப்படுத்துவதும் நல்லதென்று நம் ஃபிக்ஹு நூல்களில் கூறப்பட்டுள்ளது. நனைப்பது வேறு, ஊற்றுவது வேறு. தூய பஞ்சை ஸம்ஸமில் தோய்த்துப் பிழிந்து, உதட்டையும் நாவையும் மென்மையாகத் துடைத்தால் போதும். வறட்சி நீங்கும், நம் ஆசையும் நிறைவேறும். அப்போது தொண்டையில் கேட்கும் கரகரப்பைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். விழுங்கப்படாத உமிழ்நீர் அங்கே தேங்குவதால் எழும் ஓசையே அது. அவரை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் அவ்வோசை தணியும். வலப்புறமாகக் கிப்லாவை நோக்கிப் படுக்க வைக்கும் நம் வழக்கமும் இதற்குப் பொருந்தி வருகிறது.

உம்மம்மாவின் வாயில் பெரியும்மா ஊற்றிய கஞ்சியில் பாசத்துக்குக் குறைவில்லை. அறிந்துகொள்ளாமல் இருந்ததுதான் எங்கள் குறை. இதை வாசிக்கும் ஒரு மகளோ மருமகளோ, நாளை தன் வீட்டில் கரண்டியைக் கையில் எடுக்கும்போது, 'இவர்கள் விழித்திருக்கிறார்களா, நிமிர்ந்திருக்கிறார்களா, முந்திய வாயை விழுங்கிவிட்டார்களா' என்று ஒரு கணம் நின்று பார்த்தால், இதை எழுதியதன் பயன் நிறைவேறிவிடும்.

அடுத்த நோன்பு திறக்கும் வேளையில் முதல் மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது, அதை நினைத்து நன்றி செலுத்துவோம். நம் முதியோரை அறிவோடும் அன்போடும் பேணும் நற்பாக்கியத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.